காரின் புகைச் சோதனை: அன்றும் இன்றும்

லாஸ் ஏஞ்சலஸில் கண்ணைக் கரிக்க வைத்த புகைமூட்டம் எப்படி உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் விளக்கியவர் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட். முழுதாக எரியாத பெட்ரோலும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். அந்தப் புகையைக் கட்டுப்படுத்த 1984இல் கலிஃபோர்னியாவில் ‘ஸ்மாக் செக்’ என்ற சோதனை வந்தது. பெரும்பாலான பெட்ரோல் கார்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காட்டிப் பாஸ் வாங்கினால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். இது இன்றும் மாறவில்லை. ஃபெயிலான காரைச் சரிசெய்யும் வேலைதான் அடியோடு மாறிவிட்டது.

அன்று எல்லாம் புகைக்குழாயில் இருந்தது. அதில் ஒரு குழாயைச் செருகிப் புகையை அளப்பார்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து, மாசு மிகுந்த வட்டாரங்களில் காரை உருளைமேல் ஏற்றி, மணிக்கு 15, 25 மைல் வேகத்தில் ஓட்டி அளந்தார்கள். தாளில் வந்த எண்களே மெக்கானிக்குக்கு வழிகாட்டின. கார்பன் மோனாக்சைடு கூடுதலா? பெட்ரோல் அதிகமாகப் போகிறது. கார்புரேட்டரையும் ஏர் ஃபில்டரையும் பார். ஹைட்ரோகார்பன் கூடுதலா? ஏதோ ஒரு சிலிண்டரில் சரியாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக்கையும் டைமிங்கையும் பார். நைட்ரஜன் ஆக்சைடு கூடுதலா? உள்ளே சூடு மீறுகிறது; புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வைப் பார். காதும் மூக்கும் கூடவே வேலை செய்தன. ஒரு ஓட்டையும் இருந்தது. சோதனைக்கென்று கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பாஸ் வாங்கிவிட்டு, மறுநாள் பழையபடி திருப்பிவிடவும் முடிந்தது.

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லா கார்களிலும், பழுதைக் கணினியே கண்காணிக்கும் ஓ.பி.டி.-2 அமைப்பு கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். 2015 மார்ச் முதல் கலிஃபோர்னியாவில், 2000 மாடல் முதலான பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குப் புகையை அளப்பதே இல்லை. அந்தச் சாக்கெட்டில் கருவியைச் செருகி, காரின் கணினியிடம் கேட்கிறார்கள்: செக் இன்ஜின் விளக்கு எரியச் சொல்லி உத்தரவு இருக்கிறதா? பழுதுக் குறியீடு பதிவாகியிருக்கிறதா? உன்னை நீயே சோதித்து முடித்துவிட்டாயா?

இந்தக் கடைசிக் கேள்விதான் பலரைத் திகைக்க வைக்கிறது. விளக்கு எரியவில்லை, கார் நன்றாக ஓடுகிறது, ஆனாலும் ஃபெயில். காரணம், சற்று முன்பு யாரோ பேட்டரியைக் கழற்றியிருக்கலாம், அல்லது ஸ்கேனரால் குறியீட்டை அழித்திருக்கலாம். குறியீட்டோடு சேர்ந்து சுயசோதனை முடிவுகளும் அழிந்துவிடும். 2000 மாடல் முதலான பெட்ரோல் கார்களில் டேங்க் ஆவி தொடர்பான ஒரே ஒரு சோதனை மட்டும் பாக்கி இருக்கலாம். மற்றவை முடிந்திருக்க வேண்டும். இரவெல்லாம் ஆறிய இன்ஜினைக் கிளப்பி, நிதானமாக நெடுஞ்சாலையில் ஓட்டி, ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் தானாகக் குறையவிட்டு, சில நாள் இப்படி ஓட்டினால்தான் அவை முடியும். 2019இல் இன்னொரு பூட்டும் விழுந்தது. 2010 மாடல் முதலான கார்களில் நிரந்தரக் குறியீடுகளையும் பார்க்கிறார்கள். ஸ்கேனரால் அவற்றை அழிக்க முடியாது. பழுது நீங்கியதைக் கார் தானே உறுதிசெய்த பிறகுதான் அழியும்.

குறியீடு என்பது தீர்ப்பு அல்ல, புகார். பி0420 என்று வந்தால், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் போதுமான அளவு வேலை செய்யவில்லை என்று கணினி நினைக்கிறது என்று பொருள். உடனே கன்வர்ட்டரை மாற்றச் சொல்வது எளிது. கலிஃபோர்னியாவில் அந்த மாநிலம் அங்கீகரித்ததைத்தான் போட வேண்டும் என்பதால் செலவும் அதிகம். நல்ல மெக்கானிக் முதலில் சென்சார் வரைபடத்தைத் திறக்கிறார். பல கார்களில் கன்வர்ட்டருக்கு முன்னுள்ள ஆக்சிஜன் சென்சாரின் கோடு 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும். கன்வர்ட்டர் நலமாக இருந்தால் அதற்குப் பின்னுள்ள சென்சாரின் கோடு ஏறக்குறைய நேராகப் போகும். இரண்டும் ஒன்றாக ஆடினால் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் முடிவு கட்டாமல், புகைக்குழாயில் கசிவு உண்டா, சென்சார் சரியா என்று பார்க்கிறார். சிலிண்டர் விட்டுவிட்டு எரிந்தோ இன்ஜின் ஆயில் எரிந்தோ கன்வர்ட்டர் பாழாகியிருந்தால், மூலத்தைச் சரிசெய்யாமல் போடும் புதியதும் அதே வழியில் போகும்.

அன்றைய மெக்கானிக் காதால் கேட்டதை இன்றையவர் கோடுகளில் படிக்கிறார். காரணத்தைத் தேடும் புத்தி இருவருக்கும் ஒன்றுதான்; குறியீட்டைப் பார்த்துப் பாகத்தை மாற்றுவதை மட்டும் மெக்கானிக் வேலை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே காசு கொடுக்குமுன் கேளுங்கள்: “இந்தப் பாகம்தான் கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?” பதில் திருப்தியாக இருந்தால் பழுதுபாருங்கள், சில நாள் ஓட்டுங்கள், சுயசோதனைகள் முடிந்ததை ஒரு சாதாரண ஸ்கேனரில் பார்த்துக்கொண்டு பிறகு சோதனைக்குப் போங்கள். சோதனை நாளில் மட்டும் சுத்தமாக இருந்த கார் அன்று பாஸானது. இன்றைய சோதனை தினசரி ஓட்டத்தையே கணக்கில் எடுக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் மூச்சுவிடும் ஒவ்வொருவருக்கும் இது நல்ல மாற்றம்.