பம்புசெட் மோட்டார் எரிவதைத் தடுக்கும் சாதனங்கள்

காவிரியிலிருந்து பேட்டைவாய்த்தலையில் பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், உறையூரின் ஊடே ஓடி வாழவந்தான்கோட்டை ஏரியைச் சென்றடைகிறது. வழியெங்கும் நெல்லும் வாழையும் இதன் பாசனத்தில் விளைகின்றன. வாய்க்காலில் நீர் நின்ற நாட்களில் உழவர்களுக்குக் கிணறும் ஆழ்துளைக் கிணறுமே துணை. கோடை வெயிலில் குலை தள்ளும் வாழைக்கு நீர் தவறினால் காய்கள் பருக்காமல் குலையின் எடை குறையும். அந்தச் சமயத்தில் மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் செலவுடன் மகசூல் இழப்பும் சேர்ந்துகொள்ளும்.

தமிழ்நாட்டில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. ஆனால் எரிந்த மோட்டாரின் செலவு உழவரின் கையைத்தான் கடிக்கிறது. மோட்டார் எரிவதற்கான முக்கியக் காரணங்களையும், அதைத் தடுக்கும் சாதனங்கள் வேலை செய்யும் விதத்தையும் இங்குக் காண்போம்.

குறைந்த மின்னழுத்தம்

பம்புசெட் மோட்டார்கள் பொதுவாக 415 வோல்ட் மும்முனை மின்சாரத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. இதில் 15 சதம் குறைந்தாலும், அதாவது ஏறத்தாழ 350 வோல்ட் வரையிலும், தாங்கி ஓடுமாறு இந்தியத் தர நிர்ணயப்படி இவை தயாரிக்கப்படுகின்றன. அதற்கும் கீழே போனால் ஆபத்து. மின்னழுத்தம் 300 வோல்ட்டாகக் குறையும்போது மோட்டாரின் சுழற்றும் விசை பாதியளவாகிவிடும். பம்பின் சுமையோ அப்படியே இருப்பதால், மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். காயிலின் வெப்பம் அனுமதித்த அளவைவிட ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதும் காப்புப் பூச்சின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும்.

ஒரு முனை அறுந்தால்

மூன்று முனைகளில் ஒன்று ப்யூஸ் போயோ கம்பி அறுந்தோ நின்றுவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் பெரும்பாலும் நிற்பதில்லை. மற்ற இரு முனைகளும் முழுச் சுமையையும் ஏற்கின்றன. அவற்றில் மின்னோட்டம் சுமார் 1.73 மடங்காக உயர்கிறது. அந்தக் கம்பிகளில் உண்டாகும் வெப்பம் மூன்று மடங்காகிறது. நின்றிருக்கும் மோட்டாரை இந்த நிலையில் போட்டால் சுழலாமல் உறுமும். உடனே நிறுத்தாவிட்டால் சில நிமிடங்களில் காயில் கருகிவிடும்.

“ஸ்டார்ட்டர் இருக்கிறதே” என்று சிலர் நினைக்கலாம். ஸ்டார்ட்டரைப் பிடித்து வைத்திருக்கும் காயில் இரண்டு முனைகளுடன் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று போனால் ஸ்டார்ட்டர் விட்டுவிடும். மூன்றாவது முனை போனால் அதற்குத் தெரியாது. அதிலுள்ள ஓவர்லோடு ரிலே சூடேறிய பின்னரே செயல்படும். அதன் அளவை உயர்த்தி வைத்திருந்தால் அதுவும் பயன்படாது.

தடுப்பான் எப்படி வேலை செய்கிறது?

ஒருமுனைத் தடுப்பான் என்பது ஒரு சிறு எலக்ட்ரானிக் பெட்டி. அதிலுள்ள சிறிய டிரான்ஸ்பார்மர்கள் ஒவ்வொரு முனையின் மின்னழுத்தத்தையும் 12 வோல்ட் போன்ற சிறு அளவுக்குக் குறைக்கின்றன. டயோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றுகின்றன. கன்டென்சர் அதன் ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்கிறது. இவ்வாறு கிடைக்கும் மின்னழுத்தம், லைனில் உள்ளது ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்.

இதை அளக்க மாறாத ஓர் அளவு வேண்டும். அதைத் தருவது ஜெனர் டயோடு. வரும் மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் தன் முனைகளுக்கிடையே ஒரே அளவை இது நிலைநிறுத்துகிறது. களத்தில் நெல்லை அளக்கும் முத்திரைப் படியைப் போன்றது இது. ஒப்பிடும் சுற்று இரண்டையும் ஒத்துப் பார்க்கிறது. ஏதேனும் ஒரு முனை குறைந்தால், டிரான்சிஸ்டர் வழியாக ரிலேயை விடுவிக்கிறது. ரிலேயின் தொடுமுனை, ஸ்டார்ட்டர் காயிலுடன் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் மோட்டார் நின்றுவிடும்.

நிறுத்தும் அளவும் மீண்டும் ஓட விடும் அளவும் ஒன்றாக இருக்கக்கூடாது. மோட்டார் நின்றதும் மின்னழுத்தம் சற்று உயரும். இரண்டும் ஒன்றாயிருந்தால் மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும். எடுத்துக்காட்டாக, 350 வோல்ட்டில் நிறுத்தினால் 375 வோல்ட் வந்த பிறகே ஓட விடலாம்.

எதை வாங்குவது?

தடுப்பான்களில் மின்னழுத்தத்தைப் பார்ப்பது, மின்னோட்டத்தைப் பார்ப்பது என இரு வகை உண்டு. ஓடும்போது ஒரு முனை அறுந்தால், சுழலும் மோட்டாரே அந்த முனையில் ஓரளவு மின்னழுத்தத்தை உண்டாக்கும். சாதாரண முதல் வகை இதில் ஏமாறக்கூடும். இரண்டாம் வகை ஏமாறாது. ஆனால் அது மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகே அளக்க முடியும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சாதனமே நல்லது. நீர் வற்றிப் பம்பு வெறுமனே ஓடும்போது மின்னோட்டம் குறையும். அதை அறிந்து நிறுத்தும் வசதி நீர்மூழ்கி மோட்டார்களுக்கு அவசியம்.

தானியங்கி ஸ்டார்ட்டரில் தாமதம் தேவை

மின்சாரம் வந்தவுடன் தானே ஓடும் ஸ்டார்ட்டர் வசதியானதுதான். ஆனால் ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்பினால் என்னவாகும்? 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது எடுப்பது சுமார் 8 ஆம்பியர். நேரடியாகக் கிளம்பும்போது அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 48 ஆம்பியர் வரை இழுக்கும். பத்து மோட்டார்களுக்கு 480 ஆம்பியர். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் முழுத்திறனோ 139 ஆம்பியர்தான். மின்னழுத்தம் சரிந்து எந்த மோட்டாரும் வேகம் எடுக்காது. எனவே அண்டைத் தோட்டத்தாருடன் பேசி, 10, 20, 30 நொடி என ஆளுக்கொரு தாமதம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கன்டென்சர்: நன்மையும் தீமையும்

மும்முனைக் கன்டென்சரை முறையாக இணைத்தால் லைனில் ஓடும் மின்னோட்டம் குறையும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கேவிஏஆர் அளவு கன்டென்சர் பொருத்தினால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்து, மின்னழுத்தமும் சற்று உயரும்.

ஆனால் இருமுனை மின்சாரத்தில் மும்முனை மோட்டாரை ஓட்டுவதற்காகக் கன்டென்சர் இணைத்து, தடுப்பானைக் கழற்றிவிடுவது தவறு. மூன்று முனைகளிலும் சமமான மின்சாரம் கிடைக்காமல் மோட்டார் சூடேறும். பக்கத்துத் தோட்டத்திலும் மின்னழுத்தம் குறையும். மேலும், மின்சாரம் இல்லை என்று எண்ணிக் கம்பத்தில் பழுது பார்ப்பவரின் கைக்குக் கன்டென்சர் வழியே மின்சாரம் திரும்பிவரக்கூடும். அது உயிருக்கே ஆபத்து.

கவனிக்க வேண்டியவை

1. ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியர் அளவிலேயே வைக்கவும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே மோட்டார் காயிலோடு வரிசையாக இருந்தால், அந்த அளவில் 0.58 பங்கு போதும்.

2. ப்யூஸ் போனால் தடித்த கம்பியைப் போடாமல், உரிய அளவுக் கம்பியையே போடவும்.

3. மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் நில இணைப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

4. தடுப்பான் அடிக்கடி நிறுத்தினால் அதைக் கழற்றாமல், தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு காரணத்தைக் கண்டறியவும்.

தடுப்பான் மோட்டாரை நிறுத்தினால் அன்றைய பாசனம் சில மணி நேரம் தள்ளிப்போகும். மோட்டார் எரிந்தாலோ காயில் கட்டி முடியும்வரை பல நாட்கள் பயிர் காயும். இதை மனத்திற்கொண்டு உழவர் பெருமக்கள் கோடைப் பாசனம் தொடங்கும் முன்பே இச்சாதனங்களைப் பொருத்தி, மோட்டாரையும் பயிரையும் காத்துப் பயன்பெறலாம்.