துப்பாக்கியின் வயதும் பதிவேட்டின் மதிப்பும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் உள்ள பழைய பண்ணை வீடுகளில் பாட்டன் காலத்துத் துப்பாக்கி ஒன்று இருப்பது அரிதன்று. குழலின் நீல மெருகு போய்ப் பழுப்பேறியிருக்கும். மரக்கட்டையில் கீறல்களும் வெடிப்புகளும் ஓடியிருக்கும். விசைக்குக் கீழே உள்ள இரும்பு வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால், சுட்ட தோட்டாவின் உறை வெளியே விழும். அடுத்த தோட்டா உள்ளே ஏறும். இதையே 'லீவர் ஆக்ஷன்' ரைஃபிள் என்கின்றனர். வீட்டுப் பெரியவர் மறைந்து, உடைமைகளைப் பங்கிடும் நேரத்தில், 'இது எந்த ஆண்டில் செய்யப்பட்டது?' என்ற கேள்வி எழுகிறது.

இது வெறும் ஆர்வக் கேள்வியன்று. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ தயாரிக்கப்பட்டது தொன்மைப் பொருள். கூட்டாட்சிச் சட்டத்தின் வரையறைப்படி அது துப்பாக்கியே அன்று. 1899-இல் தயாரிக்கப்பட்டதாயின், அது சட்டத்தின் பிடிக்குள் வந்துவிடுகிறது. மாநிலம் விட்டு மாநிலம் விற்க வேண்டுமெனில் உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே விற்க வேண்டும். தோற்றத்தில் வேறுபாடற்ற இரண்டு ரைஃபிள்களை ஓராண்டு இடைவெளி சட்டத்தின் இருவேறு பக்கங்களில் நிறுத்திவிடுகிறது. விலையும் அதற்கேற்ப மாறுகிறது. எனவே, வயதைக் கணிப்பதில் பணமும் இருக்கிறது. சட்டப் பொறுப்பும் இருக்கிறது.

பொதுவாக நாம் செய்வது என்ன? தேய்மானத்தைப் பார்த்து வயதை மதிப்பிடுகிறோம். பொருளியல் மாணவர்களுக்குத் தேய்மானக் கணக்கைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, தேய்மானம் காலத்தைக் காட்டிலும் பயன்பாட்டையே அளக்கிறது என்பதுதான். குதிரைச் சேணத்தின் உறையில் நாள்தோறும் உராய்ந்த ரைஃபிள் இருபது ஆண்டுகளில் முதுமையடைந்துவிடும். பெட்டியில் உறங்கியது நூறாண்டு கடந்தும் இளமையோடு இருக்கும். 

இரண்டாவது மயக்கம், துப்பாக்கியின் மீதுள்ள ஆண்டைப் பற்றியது. கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் இயங்கிய வின்செஸ்டர் நிறுவனத்தின் புகழ்பெற்ற ரைஃபிள் '1894 மாடல்'. ஜான் பிரௌனிங் வடிவமைத்த அதன் குழலில், காப்புரிமை வழங்கப்பட்ட நாளான 1894 ஆகஸ்ட் 21 பொறிக்கப்பட்டிருக்கும். அதையே பிறந்த நாளாகக் கொள்வோர் பலர். உண்மையில் அது வடிவமைப்பு பிறந்த நாள். அந்த வடிவமைப்பில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்கள், நியூ ஹேவன் ஆலை 2006-இல் மூடப்படும் வரை தயாரிக்கப்பட்டன. அதேபோல் '1873 மாடல்' என்ற பெயரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவை, சுமார் அரை நூற்றாண்டுக் காலம் வெளிவந்தன.

அப்படியானால் எதை நம்புவது? உறுப்புகளின் சான்றை முதலில் பார்க்கலாம். ஒவ்வோர் உறுப்பும் 'இதற்கு முன் இல்லை' அல்லது 'இதற்குப் பின் இல்லை' என்ற எல்லையைத் தருகிறது. 1894 மாடல் தொடக்கத்தில் கரும் வெடிமருந்துத் தோட்டாக்களுக்கே செய்யப்பட்டது. புகையில்லா வெடிமருந்துக்கான நிக்கல் எஃகுக் குழல்கள் 1895-இல்தான் வந்தன. குழலில் அந்தக் குறிப்பு இருந்தால், அது 1895-க்கு முந்தையதாக இருக்க முடியாது. முட்டை வடிவக் கோட்டுக்குள் 'டபிள்யூ, பி' என்ற ஆங்கில எழுத்துகளைக் கொண்ட சோதனை முத்திரை 1905-இல் தொடங்கியது. சேணத்தில் மாட்டுவதற்கான பக்கவாட்டு வளையம் 1920-களில் மறையத் தொடங்கியது. 1964-இல் நிறுவனம் செலவைக் குறைக்க முற்பட்டது. கடைந்தெடுத்த எஃகு உறுப்புகள் சிலவற்றின் இடத்தில் அச்சில் அழுத்திய தகட்டு உறுப்புகள் வந்தன. '1964-க்கு முந்தையது' என்ற சொல்லுக்கே இன்று சந்தையில் தனி விலை உண்டு. மிச்சம் பிடித்த சில டாலர்கள் ஒரு நிறுவனத்தின் நற்பெயரில் எவ்வளவைக் கரைக்கும் என்பதற்கு இது நல்ல பாடம்.

ஆனால், உறுப்புகளை மாற்றலாம். 1890-களின் உடற்பகுதியில் 1910-களின் குழல் பொருத்தப்பட்டிருக்கலாம். ஆகவே, உறுப்புச் சான்று துணைச் சான்றே. முதன்மைச் சான்று, உடற்பகுதியில் பொறித்த வரிசை எண்.

வரிசை எண்ணிலிருந்து ஆண்டைக் காண்பது எளிய கணக்கு போலத் தோன்றும். 1894 மாடலின் 10 லட்சமாவது ரைஃபிள் 1927-இல் குடியரசுத் தலைவர் கூலிட்ஜுக்கும், 15 லட்சமாவது 1948-இல் ட்ரூமனுக்கும், 20 லட்சமாவது 1953-இல் ஐசனோவருக்கும் வழங்கப்பட்டன. இந்த எண்களைக் கூர்ந்து நோக்குங்கள். ஓர் ஐந்து லட்சத்துக்கு 21 ஆண்டுகள்; அடுத்த ஐந்து லட்சத்துக்கு ஐந்தே ஆண்டுகள். இடையில் பெருமந்தம் வந்தது. 1931-இல் நிறுவனமே திவாலாகிக் கைமாறியது. உலகப் போரின்போது ஆலை இராணுவத்துக்கான துப்பாக்கிகளைச் செய்தது. ஆகவே, இரு எண்களுக்கு இடையே நேர்கோடு வரைந்து ஆண்டைக் கணிப்பவர் தவறிவிடுவார். வரிசை எண்களுக்குள் ஒரு நாட்டின் பொருளாதார ஏற்றத்தாழ்வே பதிந்திருக்கிறது.

வரிசை எண்களின் இந்த ஆற்றலை உலகம் உணர்ந்தது இரண்டாம் உலகப் போரில். ஜெர்மனி மாதந்தோறும் 1,400 டாங்கிகள் செய்வதாக ஒற்றர் தகவல்கள் கூறின. கைப்பற்றிய டாங்கிகளின் உறுப்புகளில் இருந்த வரிசை எண்களைக் கொண்டு நேச நாடுகளின் பொருளியலாளர்களும் புள்ளியியலாளர்களும் 246 என்று கணித்தனர். போருக்குப் பின் கிடைத்த ஜெர்மானிய ஆவணங்கள் காட்டிய எண்ணிக்கை 245.

ஆயினும், கணிப்பு வேறு, சான்று வேறு. ரைஃபிளைப் பொறுத்தவரை சான்று என்பது தொழிற்சாலையின் பதிவேடே. வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் உள்ள அருங்காட்சியகம் ஒன்றில் வின்செஸ்டரின் பழைய பேரேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. 1894 மாடலில் முதல் எண்ணிலிருந்து 3,53,999 வரையிலான ரைஃபிள்களுக்குப் பதிவுகள் உள்ளன. வரிசை எண் பொறித்த நாள், கிடங்குக்கு வந்த நாள், ஆலையை விட்டு வெளியேறிய நாள் என அவை தனித்தனியே குறிக்கின்றன. உரிமையாளர் கட்டணம் செலுத்திச் சான்றுக் கடிதம் பெறலாம். 1898 என்ற கோடு இந்தப் பதிவு எல்லைக்குள் அடங்குவதால், சட்டத்தின் கேள்விக்கும் பெரும்பாலும் இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. 

ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. பொருளின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல பொருளுக்கும் நல்ல விலை கிடைக்காது என்பது அவர் நிறுவிய கருத்து. பழந்துப்பாக்கிச் சந்தைக்கும் இது பொருந்தும். முதுமை விலை பெறும்போது, முதுமையைப் போலியாக உண்டாக்கும் ஆசையும் எழுகிறது. வரிசை எண்ணைத் திருத்துவோரும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி அது குற்றம். நேர்மையான விற்பனையாளரைக் காப்பது ஒரு பழைய பேரேட்டின் ஒற்றை வரி.

இத்தகைய பொருள் கைக்கு வந்தவர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. முதலில், உள்ளே தோட்டா இல்லை என்பதை அறிந்தவரைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும். மெருகேற்றவோ தேய்த்துக் கழுவவோ கூடாது; அந்தப் பழுப்பு நிறமே அதன் சான்றிதழ். தேர்ந்த துப்பாக்கிப் பழுதுநர் பார்க்காமல் சுட்டுப் பார்க்கக் கூடாது; கரும் வெடிமருந்துக்கெனச் செய்த பழைய குழலில் இக்காலத் தோட்டா ஆபத்தை விளைவிக்கும்.

நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் நியூ ஹேவனில் எண்ணையும் நாளையும் எழுதி வைத்த எழுத்தருக்கு, தம் ஒரு வரி பின்னாளில் சட்டத்துக்கும் சந்தைக்கும் சான்றாகும் எனத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தம் கடமை என்று எழுதினார். பின்வந்தோர் அதைக் குப்பை என்று எறியாமல் காத்தனர். இரும்பு தேயும், மரம் வெடிக்கும், மனித நினைவு மயங்கும். ஒழுங்காக எழுதிக் காக்கப்பட்ட பதிவே எஞ்சும். பழைய பேரேடுகளை எடைக்குப் போடும் முன் எந்த நிறுவனமும் இதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.