பின்பக்கம் ‘டொக்... டொக்...’ சத்தமா? ஷாக் அப்சார்பர் மாற்றும்போது இதைக் கவனியுங்கள்!

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் காரின் பின்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பின்சீட்டில் இருக்கும் பாட்டி இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். இத்தனைக்கும் சில மாதங்களுக்கு முன்புதான் ஷாக் அப்சார்பர் புதிதாக மாற்றியிருப்பார்கள். கோளாறு எங்கே? பல நேரங்களில் பொருளில் இல்லை, மாட்டிய விதத்தில்!

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் ஆயில் கசிந்துவிட்டால், டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. பிரேக் போட்டாலும் கார் தள்ளிப்போய்த்தான் நிற்கும். ஆக, இது சொகுசு சமாச்சாரம் மட்டுமல்ல, உயிர் சம்பந்தப்பட்டது.

நிற்கும் காரின் பின்மூலையை அழுத்திவிட்டுப் பாருங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு, மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பரைச் சோதிக்க வேண்டும். மாற்றுவதென்றால் இடது, வலது இரண்டையும் ஜோடியாக மாற்றுவதே நல்லது.

நம் ஊர் சிறிய கார்கள் பலவற்றில் பின்சக்கரங்களை ஒரே பீம் இணைக்கிறது. ஷாக் அப்சார்பரைக் கழற்றியதும் அந்த பீம் கீழே தொங்கி, பிரேக் ஹோஸை இழுத்துவிடும். எனவே பீமுக்கு ஜாக்கியால் முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு பக்கமாகத்தான் கழற்ற வேண்டும். ஆனால், காரைத் தாங்க ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

அடுத்ததுதான் பலர் கோட்டை விடும் இடம். ஷாக் அப்சார்பரின் கீழ்முனையில் ரப்பர் புஷ் இருக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கினால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் எடை விழுந்து, ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஓட ஓடக் கிழிந்து, மறுபடியும் அதே ‘டொக்’! முதலில் போல்ட்டை லேசாக மாட்டி, சக்கரங்களின் மேல் காரின் எடை இறங்கிய பிறகே, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

பின்பக்கம் தாழ்ந்திருந்தால், ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் துண்டு செருகிச் சமாளிக்காதீர்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதை மாற்றுவதே வழி. இல்லையென்றால் ஹெட்லைட் மேல்நோக்கி அடித்து, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும்.

அடுத்தமுறை வொர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போதே, ‘‘அண்ணே, வண்டியைக் கீழே இறக்கின பிறகு கடைசியா போல்ட்டை டைட் பண்ணுங்க’’ என்று சொல்லிவிடுங்கள். பாட்டியின் இடுப்பும் தப்பிக்கும். இரண்டாவது பில்லும் மிச்சமாகும்!