குழந்தையின் பாலில் உரமா?

பாடியில் இப்போது வயல் ஏது? தொழிற்சாலையும் மேம்பாலமும்தான். "உரத்தைப் பற்றி நமக்கென்ன?" என்று கேட்கத் தோன்றும்.

பக்கத்திலே கொரட்டூர் ஏரி இருக்கிறது. சாக்கடை கலந்ததால் அங்கே ஆகாயத்தாமரை படர்ந்ததைப் பாடிவாசிகள் கண்ணால் பார்த்தவர்கள். அந்தச் செடிக்குத் தீனி, சாக்கடையில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும். உர மூட்டையில் இருப்பதும் அவைதான்!

வயலில் தூவும் யூரியா முழுவதையும் பயிர் தின்பதில்லை. மிச்சத்தில் ஒரு பகுதி நைட்ரேட் என்னும் உப்பாக மாறுகிறது. மழை பெய்தால் ஏரிக்கு ஓடுகிறது. மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றையும் சேர்கிறது.

நீலம் பாய்ந்த குழந்தைகள்

இந்த உப்புக்கு நிறமில்லை, மணமில்லை. 1945-ம் ஆண்டில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஹன்டர் காம்லி என்ற டாக்டர் இரண்டு கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். குழந்தைகளின் உடல் நீலம் பாய்ந்திருந்தது. காரணம், புட்டிப்பாலில் கலந்த கிணற்றுத் தண்ணீர்! நைட்ரேட் மிகுந்தால், பச்சைக் குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகிறது.

காய்ச்சினால் போகாதா? போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கூடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது இந்திய அளவு.

சட்டம் என்ன செய்கிறது?

தொழிற்சாலைக் கழிவைப் பிடிக்க 1974-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதற்குக் குழாய் உண்டு. குழாயைக் காட்டி வழக்குப் போடலாம். வயலுக்குக் குழாய் ஏது? எந்த வரப்பைத் தாண்டி வந்த உப்பு என்று யார் சொல்வது?

ஐரோப்பிய நாடுகள் 1991-ல் ஒரு கட்டளை போட்டன. நைட்ரேட் அபாயம் உள்ள பகுதியில், ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் தொழு உரமாகப் போடக்கூடாது! இலங்கை 2021-ல் ரசாயன உரத்தையே தடுத்தது. விளைச்சல் விழுந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடை போயிற்று.

நம் நாட்டில் 2015-ல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச உத்தரவாயிற்று. யூரியா நைட்ரேட்டாக மாறும் வேகத்தை வேப்பெண்ணெய் குறைக்கிறது. 2018-ல் 50 கிலோ மூட்டை 45 கிலோ ஆயிற்று. விவசாயி கிலோவை எண்ணுவதில்லை, மூட்டையைத்தான் எண்ணுகிறார் என்ற கணக்கு! கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் யூரியா மலிவாகக் கிடைக்கும்வரை, ஒரு கை கூடத்தான் விழும்.

நாலு ரூபாய் வேலை அல்ல, நாலு நிற வேலை

இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பட்டை; அதில் வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை வரிசையாக நிறங்கள். நாற்று நட்ட 14-ம் நாள் தொடங்கி, வாரம் ஒரு முறை வயலில் இறங்க வேண்டும். நெல் இலை மீது வெயில் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3-ம் நிறம், மற்ற ரகங்களுக்கு 4-ம் நிறம் கணக்கு. இலை அதைவிட வெளுத்திருந்தால் யூரியா போடலாம். இல்லையென்றால், மூட்டையை அவிழ்க்காமலே கரையேறலாம்.