கார் பெயின்ட்டில் வட்டக் கீறல்கள்: பாலிஷ் போட்டால் போகும், கூடவே என்ன போகிறது?

நிழலில் நிற்கும்போது பளபளவென்று இருக்கும் கார், மதிய வெயிலில் வந்து நின்றதும் வேறு மாதிரி தெரியும். பானெட்டில் சூரியன் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள், வட்ட வட்டமாக, சிலந்தி வலை மாதிரி. இரவில் பெட்ரோல் பங்க் எல்இடி விளக்குக்குக் கீழே பார்த்தால் இன்னும் மோசம். கறுப்பு, அடர்நீலம், மெரூன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வருத்தம் நன்றாகத் தெரியும். வெள்ளை, சில்வர் வண்டிகளிலும் அதே கீறல்கள் உண்டு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கு ‘ஸ்வர்ல் மார்க்ஸ்’ என்று பெயர். சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, “சார், ஒரு ரப்பிங் பாலிஷ் போட்டுடலாம், புதுசு மாதிரி ஆயிடும்” என்பார்கள். சில ஆயிரம் ரூபாய்தானே என்று நாமும் தலையாட்டிவிடுவோம். புதுசு மாதிரி ஆவது உண்மைதான். ஆனால் அது எப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை தலையாட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பீர்கள்.

ஏன் வட்டமாகத் தெரிகிறது?

வீட்டில் சில வருடம் புழங்கிய எவர்சில்வர் தட்டை எடுத்து, பல்புக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி வட்டமாகக் கோடுகள் தெரியும். தட்டை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். பாத்திரம் தேய்க்கும் நார் எல்லாத் திசையிலும் போட்ட ஆயிரக்கணக்கான கீறல்கள் தட்டில் இருக்கின்றன. அவற்றில் வெளிச்சம் வரும் திசைக்குக் குறுக்காக இருப்பவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அவையெல்லாம் சேர்ந்துதான் விளக்கைச் சுற்றிய வட்டமாகத் தோன்றுகின்றன. காரிலும் இதே கதைதான்.

‘வட்டமாகத் துடைக்காதே, நேராகத் துடை, ஸ்வர்ல் வராது’ என்று சொல்வது அதனால் பாதி உண்மை. துணியில் மண் இருந்தால் நேராகத் துடைத்தாலும் கீறும். எல்லாக் கோணத்திலும் தெரியாது என்பதுதான் லாபம்.

முடியைவிட மெல்லிய கவசம்

தொழிற்சாலையில் கார் உடம்பின் மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். எல்லாம் சேர்ந்து பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பளபளப்பு தருவது இந்த அடுக்குதான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் இதில்தான் கலந்திருக்கின்றன. அடியில் இருக்கும் நிறம் வெளுக்காமல் இருப்பது இதனால்தான். நாம் பேசும் கீறல்கள் இந்த அடுக்கின் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்துக்கு விழுந்த பள்ளங்கள்.

பள்ளத்தை என்ன செய்ய முடியும்? மரப்பலகையில் ஒரு கோடு விழுந்துவிட்டால் தச்சர் என்ன செய்வார்? இழைப்புளியை எடுத்து, கோட்டின் ஆழத்துக்குப் பலகை முழுவதையும் இழைத்துவிடுவார். கோடு போய்விடும், பலகை கொஞ்சம் மெலிந்திருக்கும். கார் பாலிஷ் செய்வதும் இதைத்தான். பாலிஷ் பேஸ்ட்டில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்துகள்கள், கீறலைச் சுற்றியிருக்கும் நல்ல கிளியர் கோட்டையும் சேர்த்துச் சீவி எடுக்கின்றன. பரப்பு சமமானதும் ஒளி சிதறாமல் திரும்புகிறது, வண்டி கண்ணாடி போல மின்னுகிறது.

சீவியது திரும்ப வளராது. நன்றாகச் செய்த ஒரு லேசான பாலிஷில் ஓரிரு மைக்ரான் போகும். கரடுமுரடான காம்பவுண்டும் கம்பளிப் பேடும் போட்டுத் தேய்த்தால் அதைவிடப் பல மடங்கு போகலாம். ஒரு கணக்குக்கு, வருடம் ஒரு ‘ரப்பிங்’, ஒவ்வொன்றிலும் 4 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மைக்ரான் கிளியர் கோட்டில் ஐந்தே வருடத்தில் பாதி காலி. பிறகு வெயில் தன் வேலையைக் காட்டும். பானெட்டிலும் கூரையிலும் முதலில் வெள்ளைத் திட்டு விழும், அப்புறம் தோல் உரிவது போல உரியும். அந்தக் கட்டத்தில் எந்தப் பாலிஷும் உதவாது, மறு பெயின்ட்தான். அப்படிப் பெயின்ட் அடித்த வண்டியை விற்கப் போனால், ‘எங்கே இடித்தீர்கள்?’ என்ற கேள்வியும் சேர்ந்து வரும்.

ஏழு வருடக் கடனில் வாங்கிய வண்டியின் பெயின்ட்டை நான்காம் வருடமே கரைத்துவிடுவது நல்ல பேரமில்லை.

எந்தக் கீறல் போகும், எது போகாது?

விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நகம் தட்டாமல் வழுக்கிப் போனால் பெரும்பாலும் பாலிஷில் போய்விடும். தட்டி நின்றால் ஆழம் அதிகம். அதை முழுசாக எடுக்க முயன்றால் கிளியர் கோட்டே மிஞ்சாது. ஓரங்களை மழுங்கடித்து, கண்ணை உறுத்தாத அளவுக்குக் குறைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கீறலுக்குள் வெள்ளையாகவோ சாம்பலாகவோ பிரைமர் தெரிந்தால், அல்லது இரும்பே தெரிந்தால், அது டச்-அப் பெயின்ட் வேலை. பாலிஷுக்கு அங்கே இடமில்லை.

பழைய அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலப் பெயின்ட்டில் தனியாகக் கிளியர் கோட் கிடையாது. பாலிஷ் போட்டால் துணியிலேயே வண்டியின் நிறம் ஒட்டும். பயப்பட வேண்டாம், ஆனால் அங்கே சீவப்படுவது நேரடியாக நிறமேதான்.

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

மெஷினைப் பாருங்கள். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷின்தான் பல இடங்களில் இன்னும் ஓடுகிறது. கை பழகியவரிடம் அது அருமையான கருவி. அவசரக்காரரிடம் கொடுத்தால் ஒரே இடத்தில் சூடேற்றி, விளிம்புகளில் பெயின்ட்டையே எரித்துவிடும். அது விட்டுச்செல்லும் இறகு போன்ற நிழல் கோடுகளுக்கு ‘ஹாலோகிராம்’ என்று பெயர். கீறலை எடுக்கப் போய்ப் புதுக் கீறல் வாங்கி வருவது இப்படித்தான். டூயல் ஆக்‌ஷன் மெஷின் சுழன்றபடியே அங்குமிங்கும் ஆடும். வேலை மெதுவாக நடக்கும், சூடும் ஆபத்தும் குறைவு.

அடுத்து, பெயின்ட் கனம் அளக்கும் கேஜ் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அது எல்லா அடுக்கையும் சேர்த்துத்தான் அளக்கும், கிளியர் கோட்டை மட்டும் தனியாகச் சொல்லாது. ஆனாலும் ஒரு கதவு 120 காட்டும்போது பானெட் 85 காட்டினால், அங்கே ஏற்கெனவே யாரோ நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். 250, 300 என்று காட்டினால் மறு பெயின்ட் ஆகியிருக்கும். பழைய கார் வாங்கும்போதும் இந்தக் கருவி உதவும். காந்தத் தன்மையை வைத்து அளக்கும் சாதாரண கேஜ் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது.

கதவு விளிம்பு, உடம்பில் மடிப்பு வரும் கோடு ஆகிய இடங்களில் பெயின்ட் இயல்பாகவே மெலிதாக இருக்கும். அங்கெல்லாம் மாஸ்க்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் நல்ல ஆட்கள் மெஷினைத் தொடுவார்கள். முதலில் ஒரு சிறிய சதுரத்தில் மிக மென்மையான பேடு, மிக மென்மையான பேஸ்ட்டில் ஆரம்பிப்பார்கள். அது போதவில்லை என்றால்தான் கொஞ்சம் கடினமானதற்குப் போவார்கள். ‘ரெண்டு மணி நேரத்துல முழு வண்டியும் முடிச்சிடுவோம்’ என்று யாராவது சொன்னால், அங்கே கீறல் போவதில்லை, மறைகிறது.

மறைப்பது என்றால்? கிளேஸ் என்ற வகைப் பொருள்களில் எண்ணெயும் நிரப்பிகளும் இருக்கும். அவை பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்து ஒளியை ஏமாற்றும். அன்றைக்கு வண்டி ஜொலிக்கும். மூன்று நான்கு வாட்டர் வாஷ் ஆனதும் வலை திரும்ப வந்துவிடும். கல்யாணத்துக்கு வண்டி கொடுக்க வேண்டும் என்றால் இதுவே போதும், பெயின்ட்டும் தேயாது. ஆனால் ‘கரெக்‌ஷன்’ என்று பில் போட்டு இதைச் செய்தால் அது ஏமாற்று. சோதிக்க வழி எளிது. வேலை முடிந்ததும், தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு இடத்தைத் துடைத்து, மொபைல் டார்ச்சை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் போய்விடும், உண்மை தெரிந்துவிடும். நல்ல கடைக்காரர் கேட்காமலே செய்து காட்டுவார்.

வீடியோக்களில் வரும் டூத்பேஸ்ட் வைத்தியத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பற்பசையிலும் தேய்க்கும் துகள் உண்டு. ஆனால் அது பல்லுக்குச் செய்த துகள். ஒரு சின்னக் கீறலில் பளபளப்பு வரலாம், சுற்றிலும் மங்கலும் வரலாம். டீசல் துணியால் துடைப்பது, தேங்காய் எண்ணெய் தடவுவது எல்லாம் தூசியைக் கூப்பிட்டு ஒட்டவைக்கும் வேலை.

செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் கவலை இல்லையே என்று கேட்கலாம். தண்ணீர் நிற்காது, கழுவுவது சுலபம், அது வரைக்கும் சரி. விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சில் கடினத்தன்மை அளவு. வைரத்துக்குப் பக்கத்தில் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மண் படிந்த துணி அதையும் கீறும். கீறலையே தாங்க வேண்டும் என்றால் பிபிஎஃப் எனப்படும் பாலியூரத்தேன் படலம்தான், விலையும் அதற்கேற்ப எகிறும். எதைப் போடுவதாக இருந்தாலும் கீறலை எடுத்த பிறகு போட வேண்டும்.

கீறல் எங்கிருந்து வருகிறது?

நம் ஊரில் பெரும்பங்கு அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், காலை ஆறு மணிக்கு வருகிறது. தினமும் வண்டி துடைக்க மாதச் சம்பளத்துக்கு ஒருவர். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, பதினைந்து வண்டி. முதல் வண்டியின் டயர் மண் ஐந்தாவது வண்டியின் பானெட்டுக்கு வந்து சேரும். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அந்தச் சம்பளத்துக்கு அவ்வளவுதான் நேரம் கிடைக்கும். உங்கள் வண்டிக்கென்று மூன்று நான்கு மைக்ரோஃபைபர் துணியும் தனி வாளியும் வாங்கிக் கொடுங்கள். “அண்ணா, தினமும் வேண்டாம், கண்ணாடி மட்டும் துடைங்க. வாரம் ஒரு நாள் தண்ணி ஊத்திக் கழுவினா போதும்” என்று சொல்லிவிடுங்கள். சம்பளத்தைக் குறைக்காமல் சொன்னால் அவருக்கும் நிம்மதி.

காய்ந்த தூசியைக் காய்ந்த துணியால் தொடவே கூடாது, விதி இது ஒன்றுதான். முதலில் தண்ணீரை நன்றாக அடித்து மண்ணை இறக்க வேண்டும். பிறகு கார் ஷாம்பு ஒரு வாளியில், அலசுவதற்கு வெறும் தண்ணீர் இன்னொரு வாளியில். மேலிருந்து கீழாகக் கழுவி, சக்கரத்துக்குத் தனித் துணி எடுங்கள். துணி கீழே விழுந்துவிட்டால் அதை அன்றைக்கு மறந்துவிடுங்கள். போர் தண்ணீர் என்றால் வெயிலில் காயவிடக் கூடாது. உப்புக் கறை படிந்தால் அதை எடுக்க மறுபடி பாலிஷ் தேவைப்படும்.

புது வண்டி வாங்குபவர்கள் இன்னும் முன்னாலேயே தொடங்கலாம். யார்டில் தூசி படிந்து நிற்கும் வண்டியை டெலிவரிக்கு முன் அவசரமாகக் கழுவித் துடைக்கும்போதே முதல் ஸ்வர்ல் விழுந்துவிடுகிறது. ‘கழுவ வேண்டாம், பாலிஷ் வேண்டாம், பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க வேண்டாம்’ என்று புக்கிங்கின்போதே எழுதிக் கொடுங்கள். கோயில் பூஜையில் பானெட்டில் வைக்கும் சந்தனம் காய்ந்த பிறகு அதைச் சுரண்டாதீர்கள். நன்றாக நனைத்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறித் தானாகக் கழன்று வந்துவிடும்.