இடுப்பில் ஏறும் திருகாணி: வணிகர் கவனத்திற்கு

மூட்டை தூக்காத மளிகை வணிகர் நம்மில் யார்? கீழக்கரையில் இன்று கல்லாவில் அமர்ந்திருக்கும் மூத்தவர்கள் பலர், 100 கிலோ சீனி மூட்டையை முதுகில் ஏற்றிக் கிட்டங்கிக்குள் நடந்தவர்கள்தான். ஆண் ஒருவர் சுமக்கத்தக்க உச்ச எடை 55 கிலோ என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நம் கடைகளுக்கு 26 கிலோ அரிசிச் சிப்பம் வந்ததுகூட இடுப்பின் மேல் இரக்கப்பட்டு அல்ல. 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய சிப்பத்துக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டதால்தான்.

இடுப்பு வலிக்கு மதுரை போய்த் திரும்பும் அன்பர்கள், "ஸ்குரூ வைக்கணும் என்கிறார்கள், என்ன செய்யலாம்?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். சில லட்சம் ரூபாயும் உடம்பும் சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே விவரமாகத் தெரிந்துகொள்வோம்.

முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவுக்கும் பின்புறம் இரண்டு எலும்புக் காம்புகள் உண்டு. அவற்றின் வழியே டைட்டானியம் திருகாணிகளைச் செலுத்தி, இரு பக்கமும் கம்பியால் இணைக்கிறார்கள். இரண்டு கணுக்களைச் சேர்த்துக் கட்ட, பொதுவாக நான்கு திருகாணி, இரண்டு கம்பி. காம்பை ஒட்டியே நரம்பு ஓடுவதால் இது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டாக்டர் பால் ஹாரிங்டன், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு கோணிய பிள்ளைகளுக்கு 1950-களில் எஃகுக் கம்பி பொருத்தினார். காம்பு வழியே திருகாணி ஏற்றும் முறையை 1963-ல் பிரான்ஸில் டாக்டர் ருவா-கமீய் தொடங்கினார். நம் கோவையிலேயே கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் முதுகெலும்பு சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றவர்.

ஒன்றை மனதில் வைக்க வேண்டும். திருகாணியும் கம்பியும் கான்கிரீட்டுக்குக் கொடுக்கும் முட்டு மாதிரி. உள்ளே வைக்கும் எலும்புத் துண்டுகள் கூடி, இரு கணுக்களும் ஒன்றாகும் வரை தாங்குவதே அவற்றின் வேலை. அதற்குப் பல மாதங்கள் ஆகும். எலும்பு கூடாவிட்டால் திருகாணி தளரும், உடையவும் கூடும். புகைப்பழக்கம் எலும்பு கூடுவதைக் கெடுக்கும். கட்டுப்படாத சர்க்கரை நோயில் புண் சீழ் பிடிக்கும் அபாயம் அதிகம்.

யாருக்கு இது தேவை? பனையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து கணு நொறுங்கியவர்க்கு, கணு நழுவி நரம்பை அழுத்துபவர்க்கு, காசநோயோ கட்டியோ எலும்பை அரித்தவர்க்கு. வெறும் இடுப்பு வலிக்கு இது மருந்தல்ல. ஜவ்வு பிதுங்கிக் காலில் இழுக்கும் வலிகூடப் பெரும்பாலோர்க்கு சில வாரங்களில் அறுவையின்றியே தணிந்துவிடும். அமெரிக்காவில் 1990-களில் திருகாணி வைத்துக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். 1998-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, குறிப்பிட்ட சில கோளாறுகளுக்கு இதை ஏற்று விதிமுறை வகுத்தது. ஆக, சரக்கு நல்லதா என்பது மட்டுமல்ல, நமக்கு வேண்டிய சரக்கா என்பதே கேள்வி.

கொள்முதலில் நாம் கேட்பதையே ஆஸ்பத்திரியிலும் கேட்போம். எந்தக் கணு, என்ன கோளாறு, அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும்? எத்தனை திருகாணி, எந்தக் கம்பெனி, எம்.ஆர்.பி. எவ்வளவு? இதய ஸ்டென்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017-ல் மத்திய அரசு உச்சவிலை விதித்தது. அந்த அறிவிப்புகளில் முதுகுத் திருகாணி இல்லை. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகளின் எம்.ஆர்.பி.யை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது விதி. பில்லையும் லாட் எண் உள்ள ஸ்டிக்கரையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கம்பெனி அந்தச் சரக்கைத் திரும்பப் பெற்றால் அந்த எண்தான் பேசும். அவசரமில்லை என்றால் இன்னொரு டாக்டரிடமும் படத்தைக் காட்டுங்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. கால் திடீரென வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, நாளை என்று தள்ளாமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்த முதுகு வலிக்குக் காசநோய்ச் சோதனை அவசியம்.

கடைசியாக, நம் கடைப் பையன்களையும் சுமைதூக்கும் அண்ணன்மார்களையும் நினைப்போம். பெரிய மூட்டைக்கு இரண்டு ஆள் அல்லது ஒரு தள்ளுவண்டி. கீழ் அட்டியில் கனச் சரக்கு. முழங்காலை மடக்கி, மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கும் பழக்கம். ஒரு தள்ளுவண்டியின் விலையையும் ஓர் அறுவையின் செலவையும் பேரேட்டில் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். எது லாபம் என்று வணிகர்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.