கட்டணமில்லாக் கலைவிழாவும் கலைந்த கதையும்

அனுமதிச் சீட்டு உண்டா என்றால், இல்லை. முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை என்ற பேதமாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. அரங்கமே இல்லாதபோது வரிசை ஏது? கடைவீதியே அரங்கம்; வானமே கூரை! வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வண்டிகளை வேறு வழியே திருப்பிவிட்டு, வீதியை மக்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஒரு பக்கம் இசை, ஒரு பக்கம் ஆட்டம், ஒரு பக்கம் இராட்டினம், ஒரு பக்கம் அடுப்பில் வேகும் இறைச்சி. கையில் காசில்லாதவனும் கால் கடுக்க நின்று கேட்கலாம். கால் துறுதுறுத்தால் ஆடலாம்.

அரபு மக்களின் கலைவிழா இது. நடந்த இடம் கெய்ரோ அல்ல, பெய்ரூட் அல்ல, பாக்தாதும் அல்ல. அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய டியர்பார்ன் என்னும் ஊரில், வாரன் வீதியில் நடந்தது. 1996ஆம் ஆண்டு முதல் 2012ஆம் ஆண்டு வரை ஒவ்வொரு கோடையிலும் நடந்தது. கடைசி ஆண்டில் மூன்று நாட்களுக்குமாக இரண்டரை இலட்சம் மக்கள் வருவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவ்வளவு பெரிய விழா, ஏன் நின்றது? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் விழா நின்ற கதைக்கு முன், அந்த மக்கள் அங்கே வந்த கதையைச் சொல்ல வேண்டும். அது நம் பாட்டாளித் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

டியர்பார்ன் என்றால் போர்டு. போர்டு என்றால் டியர்பார்ன். 1914 சனவரியில் ஹென்றி போர்டு ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி! வள்ளல் தன்மையால் அல்ல, தோழர்களே. நகரும் தொடர்வரிசையில் நாள் முழுதும் ஒரே திருகைத் திருகும் வேலையில் ஆள் நிற்கவில்லை, வந்தவன் ஓடினான், ஓடியவன் இடத்துக்குப் புது ஆள் தேடித் தேடி நிர்வாகம் அலுத்தது. அதனால் வந்தது ஐந்து டாலர். அந்தச் செய்தி கடல் கடந்தது. அன்று துருக்கிய சுல்தானின் ஆட்சியில் இருந்த சிரிய, லெபனான் மலைக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் கப்பல் ஏறினார்கள். 1916ஆம் ஆண்டுக் கணக்கிலேயே போர்டு தொழிற்சாலையில் 555 சிரியர்கள் இருந்தனர்.

பிறகு ரூஜ் ஆற்றங்கரையில் எழுந்தது அந்த மாபெரும் ஆலை. 1917இல் தொடங்கி 1928இல் முடித்தார்கள். ஒரு முனையில் இரும்புத் தாதும் நிலக்கரியும் உள்ளே போகும். மறுமுனையில் கார் வெளியே வரும். ஒரு காலத்தில் இலட்சம் பேர் அங்கே உழைத்தனர். ஆலையின் புகைபோக்கி நிழலில், சவுத் எண்ட் என்னும் பகுதியில், அரபுத் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறின. லெபனான்காரருக்குப் பின் ஏமன் நாட்டவர், பாலஸ்தீனத்தவர், இராக்கியர். 1948இல் மண்ணை இழந்தவர்கள், 1967 போரில் வீட்டை இழந்தவர்கள், 1975 முதல் 1990 வரை நடந்த லெபனான் உள்நாட்டுப் போரில் எல்லாவற்றையும் இழந்தவர்கள்.

ரூஜ் ஆலையின் வாயிலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1932 மார்ச் 7ஆம் நாள், வேலையற்றோர் 'பசி ஊர்வலம்' நடத்தி அந்த வாயிலுக்கு வந்தனர். கேட்டது வேலை, கிடைத்தது குண்டு. நால்வர் மாண்டனர், காயம்பட்ட இன்னொருவர் பின்னர் மறைந்தார். 1941இல் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் போர்டு தொழிற்சங்கத்தை ஏற்றார். அந்தச் சங்கத்தில் அரபுத் தொழிலாளியும் இருந்தான்.

ஆலைக்கு அவன் கை வேண்டும். ஊருக்கு அவன் முகம் வேண்டாம்! இதுதான் டியர்பார்ன் நகராட்சியின் போக்காக நெடுங்காலம் இருந்தது. 1942 முதல் 1978 வரை மேயராக இருந்த ஆர்வில் ஹப்பார்டு, கறுப்பர்கள் தம் ஊரில் குடியேறக்கூடாது என்று வெளிப்படையாகப் பேசியவர். அவர் காலத்தில்தான் சவுத் எண்ட் வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு அந்த நிலத்தைத் தொழில்களுக்கு ஒதுக்கும் திட்டம் வந்தது. குடியிருந்தவர்கள் வழக்காடினார்கள், 1973இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1985 மேயர் தேர்தலில் ஒரு வேட்பாளர் வீடுதோறும் துண்டறிக்கை அனுப்பினார். நகரப் பூங்காக்களையும் 'அரபுப் பிரச்சினை'யையும் பற்றிப் பேசுவோம் என்பது அதன் தலைப்பு. அவரே வெற்றியும் பெற்றார். பூங்காவில் காற்று வாங்கும் உரிமைகூட வாக்குச் சரக்கானது!

இத்தனைக்கும் இடையில்தான் வாரன் வீதி மலர்ந்தது. வியாபாரம் படுத்து, கடைகள் பல காலியாகக் கிடந்த வீதி அது. புதிதாக வந்த அரபுக் குடும்பங்கள் ரொட்டிக் கடை வைத்தன. இனிப்புக் கடை வைத்தன. இறைச்சிக் கடை வைத்தன. இறந்த வீதிக்கு உயிர் கொடுத்தவர்கள், அந்த வீதியிலேயே ஊரைக் கூட்டி விருந்து வைத்ததுதான் அந்த விழா. 'இனாம்' என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அது அரபுச் சொல். வசூல், பாக்கி, ரத்து ஆகியவையும் அங்கிருந்து வந்தவையே. வசூல் இல்லாத இனாம் விழா என்று சொன்னால் டியர்பார்ன் தோழனுக்கும் பாதி புரியும்!

அந்தக் கலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

தப்கே என்றொரு ஆட்டம். தோளோடு தோள் ஒட்டி, கையோடு கை கோத்து, வரிசையாக நின்று தரையை ஓங்கி மிதிக்கும் ஆட்டம். முன்னால் நிற்பவன் கைக்குட்டையைச் சுழற்றி வழிநடத்துவான், இரட்டைக் குழல் 'மிஜ்விஸ்' அலறும், முரசு அதிரும். இது பிறந்தது எங்கே? அந்த நாட்டார் வழிவழியாகச் சொல்லும் கதை இது. மலைக் கிராமத்துக் கல் வீடுகளுக்கு மரமும் வைக்கோலும் மண்ணும் கொண்டு கூரை போடுவார்கள். மழைக் காலம் வருமுன் அந்த மண்ணை இறுக மிதிக்க வேண்டும். ஒருவன் மிதித்தால் ஆகாது. ஊர் கூடும், வரிசையாக நிற்கும், பாட்டுப் பாடி மிதிக்கும். கூலி கிடையாது, இன்று உன் கூரை, நாளை என் கூரை! அந்த மிதிதான் பின்னர் கல்யாண ஆட்டமாயிற்று. ஏற்றப் பாட்டும் நடவுப் பாட்டும் பாடி வளர்ந்த நமக்கு இதை விளக்கவா வேண்டும்? பாலஸ்தீனத்தின் தப்கேயை 2023இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

'ஊத்' என்பது அவர்களுடைய வீணை. வயிறு பெருத்த மரக்கருவி. மெட்டுக் கட்டைகள் இல்லாதது. ஐரோப்பியர் 'லூட்' என்று கொண்டாடிய கருவியின் பெயரே 'அல் ஊத்' என்பதிலிருந்து போனதுதான். பியானோவில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே சுரம் இல்லை, ஊத்தில் உண்டு. அந்த நடுச் சுரத்தில்தான் அரபு இசையின் உருக்கம் இருக்கிறது.

இசைவாணர் என்றால் மாளிகையில் பிறந்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். அலெக்சாந்திரியா நகரில் சையத் தர்வீஷ் என்பவர் கொத்துவேலை செய்துகொண்டே பாடினார். செங்கல் அடுக்கியபோது பாடிய பாட்டைக் கேட்டுத்தான் நாடகக் குழுவினர் அவரை அழைத்துப் போனார்கள். பின்னர் அவர் மெட்டமைத்த நாடகப் பாடல்களில் சுமைதூக்குவோரும் படகோட்டிகளும் வந்தார்கள். 1923இல், 31 வயதில் மறைந்தார். அவர் இசையமைத்த பாட்டு 1979 முதல் எகிப்தின் நாட்டுப் பண்ணாக இருக்கிறது. கிராமத்துப் பள்ளிவாசல் இமாமின் மகள் உம் குல்சூம், சிறு வயதில் ஆண்பிள்ளை உடை போட்டுப் பாட நேர்ந்தது. பெண் மேடை ஏறுவதை ஊர் ஏற்காத காலம் அது. பின்னாளில் மாதத்தின் முதல் வியாழன் இரவு அவர் குரல் கெய்ரோ வானொலியில் வந்தால் அரபு நாடுகளின் காபிக் கடைகள் நிரம்பி வழிந்தன. வானொலி கேட்கவும் சீட்டு வாங்க வேண்டியதில்லை அல்லவா!

அப்படிப்பட்ட கலையை மூன்று நாள் வீதியில் வைத்தால் யாருக்கு என்ன நட்டம்? சிலருக்கு அது பொறுக்கவில்லை. ஆண்டுதோறும் விழாவுக்கு மதப் பிரச்சாரகர்கள் வரலானார்கள். அரபு என்றால் முஸ்லிம் என்பது அவர்கள் கணக்கு. முதலில் கப்பலேறி வந்த சிரியரிலும் லெபனான்காரரிலும் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களே என்பதை யார் எடுத்துச் சொல்வது? 2010இல் நால்வரைப் போலீசு கைது செய்தது, அமைதியைக் குலைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு நடுவர் குழுவின் முன் நிற்கவில்லை, அதிலிருந்து விடுதலையானார்கள்.

2012 சூன் 15ஆம் நாள் வந்த கூட்டமோ வேறு வகை. ஒரு கம்பத்தில் பன்றித் தலையைச் செருகி ஏந்திக்கொண்டு, நபிகளை இழித்துரைக்கும் வாசகங்களைத் தாங்கிக்கொண்டு, விழாவுக்குள் நடந்தது. சிறுவர்கள் சூழ்ந்தனர். வாய்ச்சண்டை முற்றியது, புட்டிகள் பறந்தன, குப்பை பறந்தது. கடைசியில் காவல் அதிகாரிகள் அந்தக் கூட்டத்தை வெளியேறச் சொன்னார்கள். மறுத்தால் வழக்கு என்றார்கள். வெளியேறியவர்கள் நேரே போனது நீதிமன்றத்துக்கு!

கீழ் நீதிமன்றம் தள்ளியது. ஆனால் 2015 அக்டோபரில் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கேட்பவன் கோபம் கொள்கிறான் என்பதற்காகப் பேசுபவனை விரட்டக்கூடாது. எறிபவனைத் தடுப்பதுதான் போலீசின் வேலை என்றது. கசப்பாக இருந்தாலும் சொல்கிறோம்: சட்டம் சரி. மேடையில் நின்று கல்லடி பட்டவர்கள் நாம். கல்லெறிந்தவனை விட்டுவிட்டுப் பேசியவனைப் பிடிக்கும் வழக்கத்துக்கு நாம் கைதட்ட முடியாது. ஆயினும் இன்னொன்றையும் சொல்கிறோம்: பன்றித் தலையைத் தூக்கி வந்தவனுக்கு வேண்டியது பேச்சல்ல, அந்தப் புட்டிதான். ஒரு சிறுவன் கை ஓங்கினால் போதும், அதைப் படம் பிடித்து நாடு முழுவதும் காட்டலாம். தூண்டில் போட்டான், மீன் விழுந்தது. புட்டி எறிந்த பிள்ளைகளின் கையை அன்று பிடித்து நிறுத்தத் தொண்டர் படை ஒன்று இருந்திருந்தால்!

தீர்ப்பு வருமுன்பே விழா போய்விட்டது. 2013இல் வாரன் வீதி வேண்டாம், பூங்காவுக்குப் போங்கள் என்றது நகரம். பூங்காவுக்குப் போகும் ஏற்பாடும் நடக்கவில்லை. அந்த ஆண்டு விழாவே இல்லை என்று அறிவித்தார்கள். வீதியில் வழக்கம்போல் வண்டிகள் ஓடின. பன்றித் தலைக்காரன் சட்டப்படி வென்றான். நகராட்சிக்குத் தலைவலி தீர்ந்தது. இசை கேட்க நின்றவனுக்கு மட்டும் எந்த நீதிமன்றத்திலும் வழக்கு இல்லை.

விழா போயிற்று; மக்கள் போகவில்லை. 2020 கணக்கெடுப்பில் டியர்பார்னின் மக்கள்தொகை 1,09,976. அதில் பாதிக்கு மேல் மேற்கு ஆசிய, வட ஆப்பிரிக்க வழியினர். 2021 நவம்பர் தேர்தலில் அப்துல்லா ஹம்மூத் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹப்பார்டு முப்பத்தாறு ஆண்டு இருந்த பதவியில் 2022 சனவரியில் ஓர் அரபுக் குடும்பத்துப் பிள்ளை அமர்ந்தார். சவுத் எண்டில் 1971இல் ஒரு கடை அறையில் தொடங்கிய 'ஆக்செஸ்' என்னும் தொண்டு நிறுவனம், 2005இல் அரபு அமெரிக்கர்களின் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகத்தைக் கட்டி எழுப்பியது. அதே நிறுவனம் கைகோத்து 1993இல் டெட்ராய்டில் தொடங்கிய 'வண்ணங்களின் கச்சேரி' முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அரபு ஊத்தும், கறுப்பர் இசையும், இலத்தீன் அமெரிக்கத் தாளமும் அடுத்தடுத்து ஒலிக்கும் விழா அது. அங்கேயும் வாசலில் சீட்டுக் கேட்பதில்லை.